தாங்குகோல் வாங்குவதா, செய்வதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தெற்கு இங்கிலாந்தில் வசிக்கிறீர்கள். மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழ்த் தேர்வில் தேறி, காவல் துறையிடம் துப்பாக்கி உரிமமும் பெற்றுவிட்டீர்கள். ஒரு பண்ணையில் ரோ எனும் சிறிய வகை மானைச் சுட அனுமதியும் கிடைத்திருக்கிறது. 100 மீட்டரில் தரையில் படுத்துச் சுட்டால் மூன்று தோட்டாக்களும் 4 சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. எழுந்து நின்று, இரண்டு கால் தாங்குகோலில் துப்பாக்கியை வைத்துச் சுட்டால் அதே தூரத்தில் 25 சென்டிமீட்டருக்குச் சிதறுகின்றன. நூற்றைம்பது பவுண்டுக்கு மேல் விலை சொல்லும் நான்கு கால் கோலை வாங்கினால் இது சரியாகுமா, இல்லை தோட்டக் கடையில் கம்பு வாங்கி நீங்களே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: முன்பக்கம் தாங்கல் இருந்தும் துப்பாக்கி ஏன் ஆடுகிறது? அதை முதலில் தீர்த்துக்கொண்டால் வாங்குவதா செய்வதா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் பேசுவது முழுக்க இங்கிலாந்தைப் பற்றி. இங்கே ஓநாயும் கரடியும் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. மான்களைக் கொன்று தின்ன வேறு பெரிய விலங்கு இல்லாததால், இளங்காடுகளையும் பயிரையும் காக்க அவற்றின் எண்ணிக்கையை மனிதர்கள்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தத் தெற்குப் பகுதிக் காடுகளில் ரோ, ஃபேலோ மான்களையும், நம் ஊர்க் கேளையாட்டுக்குச் சீனத்து உறவான முண்ட்ஜாக்கையும் சுட்டு வருகிறேன். புதியவர்களை அழைத்துச் சென்று பழக்குவதும் உண்டு. நான் சொல்வது அந்த அனுபவத்தின் எல்லைக்குள் நிற்பது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். துப்பாக்கி இரண்டு இடங்களில் தாங்கப்படுகிறது. குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டை, கோலின் உச்சியில் பிரியும் கவையில் இருக்கிறது. பின்மட்டை உங்கள் தோளில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். இந்த இரண்டில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 100 மீட்டரில் குறி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் விலகும். ரோ மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் நாம் நம்பிச் சுடக்கூடிய வட்டம் 10 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்துக்குக்கூட இடமில்லை. முன்பக்கம் நகர்ந்தாலும் பின்பக்கம் நகர்ந்தாலும் விளைவு ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கோலை எத்தனை உறுதியாக ஊன்றினாலும் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மறுபாதி உங்கள் தோளில் இருக்கிறது. நின்றிருக்கும் மனிதனின் தோள் ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. மூச்சோடு ஏறி இறங்கும், கணுக்கால் உடலைச் சமன் செய்யும்போதெல்லாம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும். படுத்துச் சுடும்போது இரண்டு முழங்கைகளும் மார்பும் தரையில் பதிந்திருப்பதால் தோள் அசைய வழியில்லை. உங்கள் 4 சென்டிமீட்டர் 25 ஆனதற்குக் காரணம் இதுதான். துப்பாக்கியிலும் தோட்டாவிலும் குறை தேட வேண்டாம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, பின்னால் மண்மேடு உள்ள பாதுகாப்பான திசையில் ஒரு காகித வட்டத்தைக் குறிபார்த்துப் பத்து நொடி சும்மா நில்லுங்கள். குறிநோக்கிக்குள் தெரியும் குறுக்குக்கோடு எந்தத் திசையில் அலைகிறது என்று மட்டும் பாருங்கள். மேலும் கீழுமாக அலைந்தால் பெரும்பாலும் பின்மட்டை தாங்கலின்றித் தொங்குகிறது, அதோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. இடமும் வலமுமாக அலைந்தால் கோலின் கால்கள் போதிய அகலத்துக்கு விரியவில்லை, அல்லது உங்கள் பாதங்கள் குறிக்கு ஏற்ற இடத்தில் இல்லை. பாதங்களைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. குறிபார்த்தபடியே கண்ணை மூடி உடம்பைத் தளர்த்தி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். குறி நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்த குறி, விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இனி கோல்களைப் பார்ப்போம். ஒற்றைக் கோல் மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் தடுக்கும். பக்கவாட்டை அப்படியே விட்டுவிடும். நடைக்குத் துணையாகவும் தொலைநோக்கியைத் தாங்கவும் நல்லது. 40 மீட்டருக்குள் பழகிய கைக்குப் போதும், புதியவருக்குப் போதாது. இரண்டு கால் கோல் மேல்கீழையும் பக்கவாட்டையும் முன்பக்கத்தில் தடுக்கிறது. முன்னும் பின்னுமாகச் சாய்வதைத் தடுப்பது உங்கள் உடல்தான். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் தோலுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டவர்கள் கனமான ஷார்ப்ஸ் துப்பாக்கியை இத்தகைய குறுக்குக் கோலில் வைத்துத்தான் சுட்டார்கள். ஆனால் அவர்கள் தரையில் உட்கார்ந்து சுட்டார்கள். அதை மறந்துவிட்டு அதே கோலை நீட்டி, நின்றபடி அதே உறுதியை எதிர்பார்ப்பதால்தான் பலருக்கு ஏமாற்றம். மூன்று கால் கோல் தானாகவே நிற்கும், மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வழிகாட்டிகள் தோளில் சுமந்து செல்வது இதைத்தான். இதிலும் பின்மட்டைக்குத் தாங்கல் கிடையாது. அங்கே சில வழிகாட்டிகள் சுடுபவரின் பக்கத்தில் வந்து நின்று, விசையை அழுத்தும் கையின் முழங்கைக்குத் தங்கள் தோளையே கொடுப்பார்கள். சிதறல் நன்றாகக் குறைவதற்கு அந்த ஒரு தோள் போதும்.

நான்கு கால் கோலின் சிறப்பு அந்தப் பின்பக்கத் தாங்கலில்தான் இருக்கிறது. முன்கட்டைக்கு ஒரு கவை, பின்மட்டைக்கு ஒரு கவை என இரண்டு இடத்திலும் துப்பாக்கியைத் தாங்குகிறது. எனவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் விடை: ஆம், வாங்கினால் சிதறல் குறையும், அதுவும் கண்கூடாகக் குறையும். புதியவர் ஒருவர் முதன்முறை அதில் துப்பாக்கியை வைத்துக் குறிபார்க்கும்போது, அதுவரை மானின் தோளுக்கும் வயிற்றுக்கும் இடையே ஊசலாடிய குறுக்குக்கோடு ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார். ஆனால் அதற்கு விலையாக வேகத்தை இழக்கிறீர்கள். துப்பாக்கி இரண்டு கவைகளில் படுத்திருப்பதால் பக்கவாட்டில் திருப்பக்கூடிய கோணம் சிறியது. மான் நான்கு அடி எடுத்து வைத்தால் கோல் முழுவதையும் தூக்கி நகர்த்த வேண்டும். அந்த அசைவை ரோ மான் கண்டுவிடும். மேய்ந்துகொண்டு ஓரிடத்தில் நிற்கும் ரோவுக்கு நான்கு கால் அருமையான துணை. ஓயாமல் புதருக்குள் நுழைந்து வெளியேறும் முண்ட்ஜாக்குக்கு நான் அதை எடுத்துப் போவதில்லை. இரண்டு அல்லது மூன்று கால் கோல்தான். உங்கள் பண்ணையில் ரோ மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் இருந்தால் வாங்குங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று கால் கோலை நீங்களே செய்து, பின்மட்டைத் தாங்கலுக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம். நான்கு காலை வீட்டில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோட்டத்துக்கான பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் குழாயில் பலர் செய்கிறார்கள், சில நன்றாகவே வருகின்றன. ஆனால் அதில் மூட்டுகள் அதிகம், ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வு இருந்தால் எல்லாம் சேர்ந்து நீங்கள் ஒழிக்க நினைத்த அதே ஒரு மில்லிமீட்டர் திரும்ப வந்துவிடும். உள்ளீடற்ற எஃகுக் குழாய் ஒன்றோடொன்று மோதினால் எழும் ஓசை காலை வேளைக் காட்டில் நெடுந்தூரம் கேட்கும்.

மூன்று காலுக்கு வருவோம். மரம் என்றால் ஆஷ். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்யும் அதே மரம். வளையும், எளிதில் முறியாது. 22 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கழிகள் மரக்கடையில் கிடைக்கும். இழை நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை குறுக்கே வெளியேறும் இடத்தில்தான் கழி ஒடியும். ஹேசல் எனும் புதர்மரத்தின் கழியை நீங்களே வெட்டுவதானால் குளிர்காலத்தில் வெட்டி, ஓராண்டாவது நிழலில் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சையாகக் கட்டினால் காயும்போது வளைந்துவிடும், கட்டும் தளரும். தோட்டத்து மூங்கில் இலேசானது, மலிவானது, முதல் முயற்சிக்கு உகந்தது. ஆனால் அடி நுனி பிளவுபடும், அங்கே டேப் சுற்றி ரப்பர் தொப்பி போட வேண்டும்.

உயரம்தான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். உங்கள் உயரத்தை 170 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது மட்டை பதியும் தோள்குழி ஏறத்தாழ 135 சென்டிமீட்டரில் இருக்கும். சமதரையில் கவையும் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மேட்டை நோக்கிச் சுட்டால் சற்று மேலே, பள்ளத்தை நோக்கி என்றால் சற்றுக் கீழே. மூன்று கழிகளையும் சேர்த்துக் கட்டும் இடத்திலிருந்து பாதம் வரை கால் 1.5 மீட்டர் என்றால், ஒவ்வொரு காலும் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் விரியும்போது கட்டின் உயரம் 143 சென்டிமீட்டர்; 70 சென்டிமீட்டர் விரித்தால் 133. விரிப்பதிலேயே பத்து சென்டிமீட்டர் கைக்கு வந்துவிடுகிறது, உயரத்தை மாற்றத் திருகு வேண்டியதில்லை. கட்டுக்கு மேலே 15 சென்டிமீட்டர் நீண்டு நிற்க வேண்டும், அதுதான் கவை. ஆக மொத்தம் 1.65 மீட்டர். ஆனாலும் முதலில் 1.8 மீட்டராக வைத்துக்கொண்டு, வேட்டைக்குப் போடும் அதே பூட்ஸை அணிந்து நின்று பார்த்துவிட்டுப் பிறகு அடியை அறுத்துக் குறையுங்கள். குட்டையான கோலுக்குக் குனிந்தால் இடுப்பு நடுங்கும். நெட்டையான கோலில் கழுத்தை நீட்டினால் கன்னம் மட்டையில் பதியாது.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப் போல வேறு பொருள் இல்லை. மேலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒவ்வொரு கழியிலும் சிறு துளையிட்டு உறுதியான நைலான் கயிற்றைக் கோத்து முடிச்சிடுங்கள், அது கழிகள் வழுக்காமல் காக்கும். அதன்மேல் விரலகலத்தில் வெட்டிய டியூப் பட்டையை இழுத்துப் பிடித்து, நடுக்கழிக்கு மேலும் கீழுமாகப் பின்னிச் சுற்றுங்கள். இறுக்கம் எவ்வளவு என்றால், கால்களை விரித்து விட்டால் விரித்த இடத்தில் நிற்க வேண்டும், ஒரு கையால் மூடவும் முடிய வேண்டும். கவையின் உட்பக்கத்திலும் டியூபையோ தோலையோ ஒட்டுங்கள். ஓசையும் வராது, துப்பாக்கியின் மரமும் கீறாது. பாதங்களுக்கு ரப்பர் தொப்பி. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெய் போதும்.

பின்மட்டைக்கு என்ன செய்வது? என் வழி முதுகுப்பை. சுடுவதற்கு முன் பையை மார்புப் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு, விசைக் கையின் முழங்கையை அதன்மேல் அழுத்தி வைக்கிறேன். மரம் கைக்கெட்டினால் விசைப்பக்கத் தோளை அதில் சாய்த்துவிடுங்கள். கோலும் மரமும் சேர்ந்தால் நான்கு காலுக்கு இணை. எல்லாவற்றையும்விட நல்லது உட்காருவது. முழங்கால்களை உயர்த்தி, இரண்டு முழங்கைகளையும் அவற்றின் உட்பக்கத்தில் பதித்து உட்கார்ந்தால், மீட்டருக்கும் குறைவான குட்டைக் கோலே போதும். உங்கள் சான்றிதழ்த் தேர்வை நினைத்துப் பாருங்கள்: படுத்து 100 மீட்டர், உட்கார்ந்தோ மண்டியிட்டோ 70, நின்று 40. அந்த வரிசை காரணமில்லாமல் வைக்கப்பட்டதல்ல. பிராக்கன் பெரணியும் செந்தட்டியும் இடுப்பளவு வளராத ஏப்ரல் மாதத்தில் உட்கார்ந்து சுடக்கூடிய மானை நின்று சுட வேண்டிய தேவையே இல்லை. ஜூலையில் வேறு வழியில்லை, நின்றுதான் ஆக வேண்டும்.

இனி உறுதியாகத் தெரிந்தவற்றையும் ஆளுக்கு ஆள் மாறுபடுபவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கவையில் இருக்க வேண்டியது முன்கட்டை, குழல் அல்ல. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. குழலைக் கோலில் வைத்துச் சுட்டால் தோட்டா வேறிடத்தில் விழும். உதைப்பில் துப்பாக்கி துள்ளாமல் இருக்க இடக்கை கவையையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதும் உறுதி. முன்கட்டையில் எந்த இடத்தைக் கவையில் வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. முன்னே தள்ளி வைத்தால் தாங்கல்களுக்கு இடையே தூரம் கூடுவதால், அதே அளவு ஆட்டத்துக்குக் குறி விலகுவது குறையும். தோட்டா அறையை ஒட்டி, எடை சமனாகும் இடத்தில் வைத்தால் துப்பாக்கி கைக்கு இலகுவாகத் திரும்பும், இடக்கையும் களைக்காது. ரோவுக்கு நான் முன்னே வைக்கிறேன். என்னோடு வேட்டைக்கு வரும் அனுபவசாலிகள் சிலர் பின்னேதான் வைப்பார்கள், அவர்களும் நன்றாகவே சுடுகிறார்கள். குழல் முனையில் ஒலிதணிப்பான் மாட்டியிருந்தால் எடை முன்னே சாய்வதால் சமன்புள்ளியும் முன்னே நகரும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். கார்பன் நாரா, அலுமினியமா, மரமா என்பதில் உறுதித்தன்மையைவிட எடையும் ஓசையும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது என் விருப்பம், அளந்து சொல்லும் முடிவல்ல.

கோல் எதுவாக இருந்தாலும் அது கைக்குப் பழகும்வரை மானை நோக்கிப் போக வேண்டாம். வீட்டுக்குள் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, கோலை விரிப்பது, துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுப்பது, கவையில் வைப்பது, கன்னத்தைப் பதிப்பது என்ற வரிசையை ஓசையின்றிச் செய்து பழகுங்கள். முதலில் கோல், பிறகு துப்பாக்கி. இந்த வரிசை மாறக்கூடாது. மூன்று காலில் ஒரு கால் மானை நோக்கியும் இரண்டு கால் உங்கள் பக்கமும் இருக்கட்டும். உடலைச் சற்று முன்னே சாய்த்து அதன்மேல் மெல்லப் பாரத்தை வையுங்கள். சுடுகளத்தில் 10 சென்டிமீட்டர் காகித வட்டம் ஒன்றை ஒட்டி 40 மீட்டரில் தொடங்குங்கள். அவசரமின்றி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கோலிலிருந்து துப்பாக்கியை எடுத்து மீண்டும் வைத்துச் சுடுங்கள். எல்லாத் தோட்டாக்களும் வட்டத்துக்குள் விழுந்தால் பத்து மீட்டர் பின்னே போங்கள். ஒன்று வெளியேறும் தூரம் வந்துவிட்டால், அதற்கு முந்திய தூரம்தான் நின்று சுடும்போது உங்கள் எல்லை. 70 என்று வந்தால் 70தான். 80இல் நிற்கும் மானை நெருங்கிப் போங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வயிற்றில் அடிபட்ட மான் புதருக்குள் போய்ச் சாக வெகுநேரம் ஆகும். நாயோடு அதைத் தேடிப் போன எவரும் அந்தப் பத்து மீட்டரைப் பற்றி வாதாட மாட்டார்கள்.

தோட்டா போய்ப் பதிய மண் இருக்க வேண்டும் என்ற விதி நின்று சுடும்போதும் மாறாது. சமதரையில் 140 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, 100 மீட்டரில் நிற்கும் ரோவின் அரை மீட்டர் உயர மார்பை நோக்கிச் சுட்டால், தோட்டா மானைக் கடந்து ஏறத்தாழ 50 மீட்டர் போன பிறகுதான் மண்ணைத் தொடும். அந்த 50 மீட்டரில் நடைபாதை இருக்கிறதா, வேலிக்கு அப்பால் மாடு இருக்கிறதா என்பது கோலை விரிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முகட்டில் வானத்தின் பின்னணியில் நிற்கும் மானைச் சுடவே கூடாது. கோல் எத்தனை உறுதியாக இருந்தாலும்.

கடைசியாக, அக்டோபரில் ஸ்காட்லாந்து மலைக்கு அழைப்பு வந்திருப்பதாகவும் இதே கோலை எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மலை வேட்டை எனக்கு அதிகம் பழக்கமில்லை. அங்கே பெரும்பாலும் ஹீத்தர் எனும் குறும்புதர் படர்ந்த வெளியில் ஊர்ந்து போய்ப் படுத்துத்தான் சுடுகிறார்கள். ஒரு பையோ, துப்பாக்கியில் பொருத்திய சிறு இருகாலோ போதுமாக இருக்கிறது. நீண்ட கோல் ஊர்வதற்கு இடைஞ்சல். உங்களை அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.